நான்கடிச் சரித்திரங்கள்

மனிதரின் பெயர் அகராதிக்குள் புகுந்து பொதுச்சொல்லாகிவிடுவது அபூர்வமாக நிகழும் ஒன்று. சான்ட்விச் என்னும் ஊரின் பேரால் பிரபுப்பட்டம் பெற்றிருந்த ஒருவர், இரண்டு பாண் துண்டுகளுக்கிடையில் இன்றும் அழியாது நிற்கிறார். அயர்லாந்திலே 1880ஆம் ஆண்டில் குடியானவர்களால் ஒதுக்கிவைக்கப்பட்ட கப்டன் போய்கொட், பகிஷ்காரத்துக்கே ஆங்கிலப் பெயராகிவிட்டார். இவ்விருவரும் அந்தப் புகழைத் தேடிப் போனவர்கள் அல்லர். இவர்களோடு சேர்த்து எண்ணத் தக்கவர் எட்மண்ட் கிளெரிஹியூ பென்ற்லி. நடுவில் நிற்கும் கிளெரிஹியூ என்பது அவருடைய தாயார் பிறந்த குடும்பத்தின் பெயர். ஆங்கில அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு எதிரே காணப்படும் பொருள் இதுதான்: பெரிய மனிதர் ஒருவரின் சரித்திரத்தை நான்கே அடிகளில் விளையாட்டாகச் சொல்லும் பாட்டு.

பென்ற்லி 1875இல் இலண்டனிலே பிறந்தவர். சென் போல்ஸ் பாடசாலை மாணவர். 16 வயதில் ஒருநாள் விஞ்ஞான வகுப்பிலே அமர்ந்திருந்தபோது, சேர் ஹம்பிரி டேவியைப் பற்றிய நான்கு அடிகள் அவர் மனத்தில் தாமாகவே எழுந்தன. டேவி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஒத்த ஓசையுடைய சொல் கிரேவி, அதாவது இறைச்சிக் குழம்பு. அந்த ஓசை ஒற்றுமை ஒன்றினாலேயே மாபெரும் விஞ்ஞானிக்கும் குழம்புக்கும் தீராத பகை ஏற்பட்டுவிட்டது. அவர் கண்டுபிடித்த சோடியத்துக்கும் அவ்வாறே ஓர் ஒத்தோசைச் சொல் அகப்பட, பாட்டு முடிந்தது. வகுப்பிலே பாடத்தைக் கவனியாத மாணவன் ஒருவன் புதியதோர் இலக்கிய வடிவத்தைப் படைத்துவிட்டான்.

அவ்வடிவத்தின் இலக்கணம் எளியது. அடிகள் நான்கு. முதலிரண்டும் தம்முள் இறுதியில் ஒன்றும், பின்னிரண்டும் அவ்வாறே. சரித்திர நாயகரின் பெயர் முதலடியின் ஈற்றில் நிற்க வேண்டும். எளிதில் எதற்கும் இயையாத பெயராயின் இன்னும் நன்று. நம் செவி எதுகையைத் தேடி அடியின் தொடக்கத்துக்கு ஓடும் செவி. இங்கு அது இயைபைத் தேடி அடியின் இறுதிக்கு வரவேண்டியிருக்கிறது. மற்றொரு விதி இதனினும் வேடிக்கையானது. அடிகள் ஓரளவினவாக இருத்தலாகாது. ஒன்று குறுகி ஒன்று நீண்டு, வசனம் கால் இடறி வந்து பாட்டுக்குள் விழுந்தது போலிருக்க வேண்டும். வெண்பாவிலே தளை தட்டினால் குற்றம். கிளெரிஹியூவிலே தட்டாவிட்டால் குற்றம்!

உதாரணம் காட்டாமல் இலக்கணம் மட்டும் சொல்வது அழகன்று. ஆகையால், பெரிய துணிவோடு நானே ஒன்றைக் கட்டிப் பார்த்தேன்:

தொலைநோக்கி எடுத்தார் கலிலியோ;
வியாழனைச் சுற்றுவன யாவும் எலியோ?
பல இரவு கண்விழித்துப் பார்த்ததில் அவை அத்தனையும் நிலவு;
கண்ணுக்கு மருந்திட்டதுதான் செலவு.

கலிலியோ 1610 ஜனவரியிலே வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டது சரித்திரம். எலி ஓசைக்காக வந்தது. மருந்து அடியை நிரப்ப வந்தது. ஆயினும் படித்தவர் நினைவில் நிற்கப்போவது எலியே என்று அஞ்சுகிறேன். பொருளை ஓசை இழுத்துச் செல்கிறது. ஆசிரியன் பின்னால் ஓடுகிறான். சரித்திரம் எழுதுவோன் செய்யத் தகாத காரியம் இது என்பதிலே ஐயமில்லை. அதனாலேதான் சிரிப்பு வருகிறது.

இச்சிரிப்பு எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய, அப்பையன் வளர்ந்த காலத்தின் புத்தக அலுமாரியைப் பார்க்க வேண்டும். விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்து சரித்திர நாயகர்களை வழிபட்ட நாடு. வீரரையும் வீரவழிபாட்டையும் பற்றிக் கார்லைல் 1840இல் நிகழ்த்திய சொற்பொழிவுகள் ஒரு தலைமுறையையே ஆட்கொண்டன. பெரியவர் ஒருவர் இறந்தால், அவர் வாழ்க்கையை இரண்டு தடித்த பாகங்களாக எழுதி வைப்பது வழக்கமாயிற்று. அந்த இரட்டைப் பாகங்களைப் பின்னர் 1918இல் லிற்றன் ஸ்ரேச்சி என்பவர் தமது நூலின் முன்னுரையிலே எள்ளி நகையாடினார். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, லெஸ்லி ஸ்ரீவன் என்பவரை முதற் பதிப்பாசிரியராகக் கொண்டு 1885இல் வெளிவரத் தொடங்கிய தேசிய சரிதை அகராதி, 1900ஆம் ஆண்டிலே 63 பாகங்களோடு நிறைவெய்தியது. பென்ற்லி வகுப்பறையில் நான்கடி எழுதிய நாட்களிலே அந்தப் பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சாகிக் கொண்டிருந்தன. அறுபத்து மூன்று பாகங்களுக்கு எதிரே நான்கு அடிகள்! பையன் அப்படி எண்ணித் துணிந்து எழுதினான் என்று நான் சொல்லவில்லை. பாரம் மிகுந்த இடத்திலேதான் இத்தகைய கொட்டாவி பிறக்கும் என்கிறேன்.

இவ்வகைப் பாட்டுகளை நெடுங்காலம் நானும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. படிப்பாளிகளின் ஓய்வுநேரக் கிறுக்கல் என்று ஒதுக்கியிருந்தேன். என் கருத்தை மாற்றியவர் பென்ற்லி அல்லர், பொஸ்வெல். 1791இல் வெளிவந்த டொக்டர் ஜோன்சன் சரிதையைப் படித்தவர்கள், ஜோன்சன் சேர்த்துவைத்த தோடம்பழத் தோலை மறந்திருக்கமாட்டார்கள். பிழிந்த பழத்தின் தோலை அப்பெரியவர் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு போகிறார். எதற்கென்று பொஸ்வெல் கேட்கிறார். காயவைப்பது வரையில் ஒப்புக்கொள்ளும் ஜோன்சன், அதற்கு மேல் வாய் திறக்க மறுக்கிறார். ஆங்கில மொழிக்கு அகராதி கண்ட மனிதரைப் பற்றி இது நமக்கு எதற்கு? எதற்கும் இல்லை. ஆயினும் அந்தத் தோலை எடுத்துவிட்டால் ஜோன்சன் சிலையாகிவிடுவார். தோல் இருக்கும்வரை அவர் மனிதர்.

டேவிக்கும் அத்தகைய ஒரு தருணம் உண்டு. 1807 ஒக்டோபரில் இலண்டன் ரோயல் இன்ஸ்டிரியூசனிலே, உருகிய பொட்டாசினூடாக அவர் மின்சாரத்தைச் செலுத்தினார். சிறு சிறு மணிகளாக ஓர் உலோகம் வெளிப்பட்டுத் தீப்பற்றி எரிந்தது. அதுவரை எவர் கண்ணுக்கும் தனித்துப் புலப்படாத பொட்டாசியம் அது. சில நாட்களிலே சோடியமும் அகப்பட்டது. முதல் மணிகளைக் கண்ட கணத்தில் டேவி ஆய்வுகூடத்துக்குள் துள்ளிக் குதித்து ஆடினார் என்று, அவருக்குத் துணையாயிருந்த ஒன்றுவிட்ட சகோதரர் பிற்காலத்திற் கூறியது பதிவாகியிருக்கிறது. விஞ்ஞானப் பாடநூல்கள் இந்த ஆட்டத்தைச் சொல்வதில்லை. சோடியத்தை மட்டும் சொல்கின்றன.

தோடம்பழத் தோலும் துள்ளலும் மெய், குழம்பு பொய். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெருஞ்செயலின் பக்கத்திலே அற்பமான ஒரு விவரம் வந்து நிற்கும்போது மனிதன் உயிர் பெறுகிறான் என்ற இரகசியத்தை நல்ல சரிதாசிரியன் அறிவான். அந்த இரகசியத்தை அறிந்துகொண்டு, விவரத்தை ஏட்டிலே தேடாமல் ஓசையிலே தேடுகிறது கிளெரிஹியூ. சரிதை எழுதும் கலையைப் பற்றிய விமர்சனம் என்றே அதனைக் கொள்ளலாம்; விமர்சனம் என்று தெரியாமல் வந்த விமர்சனம். இதிலே ஒரு நயம், டேவி தாமே கவிதை எழுதியவர். வேட்ஸ்வேர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து வெளியிட்ட கவிதைத் தொகுதியின் இரண்டாம் பதிப்பு 1800இல் அச்சாகியபோது அச்சுப்படிகளைப் பார்த்துதவியவரும் அவரே. தம்மைப் பற்றிய நான்கடியைக் கேட்டிருந்தால் யாப்பைக் கண்டு முகம் சுளித்திருப்பார். குழம்பைக் கண்டு அல்ல.

இதனை வசை என்று எண்ணுவோர் உண்டு. வசைக்குக் கோபம் வேண்டும். காளமேகத்தின் வசைகளை அறிந்த நமக்கு அந்தச் சூடு தெரியும். கிளெரிஹியூவிலே சூடு கிடையாது. சேர் கிறிஸ்தோபர் ரென் 1675இல் தொடங்கி 35 ஆண்டுகள் பாடுபட்டுச் சென் போல்ஸ் பேராலயத்தை எழுப்பினார். பென்ற்லி படித்த பாடசாலையோ 1509இல் அவ்வாலய வளவிலே தோன்றி, 1884இலேதான் அங்கிருந்து ஹமர்ஸ்மித்துக்குப் பெயர்ந்தது. அவ்வளவு பெரிய கட்டடம், ரென் பற்றிய பாட்டிலே, விருந்துக்குப் புறப்படும் மனிதர் வீட்டாரிடம் சொல்லிவைத்துப் போகும் ஒரு சாக்காக மட்டுமே வருகிறது. இதனால் ஆலயத்தில் ஒரு கல்லும் அசையவில்லை. அசையாது என்ற நம்பிக்கையிலேதான் பாட்டே நிற்கிறது. ரென் யார், அவர் கட்டியது என்ன என்று அறியாதவனுக்கு அதில் நகைக்க எதுவுமில்லை. அறிந்தவர்கள் தமக்குள்ளே பரிமாறிக்கொள்ளும் பாராட்டு அது. மாலை போடாத பாராட்டு.

பென்ற்லியின் பாடசாலைத் தோழர்களுள் ஒருவர் கில்பேட் செஸ்டர்டன். பிற்காலத்திலே கட்டுரையாலும் கதையாலும் உலகறிந்தவர். அக்காலத்தில் படம் வரைவதிலும் விருப்பமுடையவர். சிறிது காலம் ஸ்லேட் கலைக்கூடத்திலும் பயின்றவர். ‘ஆரம்ப மாணவர்க்குச் சரிதை’ என்று பொருள்படும் தலைப்போடு பென்ற்லியின் பாட்டுகள் 1905இல் முதன்முதல் நூலானபோது செஸ்டர்டனே படங்கள் வரைந்தார். அவை ‘விளக்கப்படங்கள்’ என்று, விஞ்ஞான நூலிலே போடுவது போலக் கம்பீரமாகக் குறிக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் பெயர் ஈ. கிளெரிஹியூ, பி. ஏ. பாடநூலின் உடையை உடுத்திக்கொண்டு வந்த குறும்பு. இந்தப் புனைபெயரிலிருந்தே பாட்டுக்கும் பெயர் வந்தது.

நண்பர் இருவருக்குமிடையே நூல்கள் கடிதங்கள் போலப் போய்வந்தன. செஸ்டர்டன் 1908இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நாவலைப் பென்ற்லிக்கு உரிமையாக்கினார். பென்ற்லி 1913இல் வெளியிட்ட துப்பறியும் நாவலைச் செஸ்டர்டனுக்கு உரிமையாக்கினார். அந்நாவலின் துப்பறிவாளர் மிகுந்த திறமையோடு துப்புத் துலக்கி, மிகத் தவறான முடிவுக்கு வருகிறார். பிழையே செய்யாத ஷெர்லொக் ஹோம்ஸ்களின் காலத்தில் அது பெரிய புதுமை. டேவிக்குக் குழம்பைக் கொடுத்த கையே துப்பறிவாளருக்குத் தோல்வியையும் கொடுத்தது என்பது என் எண்ணம்.

பென்ற்லி ஒக்ஸ்போர்ட்டிலே மாணவர் சங்கத் தலைவராயிருந்தவர், சட்டம் பயின்றவர், பத்திரிகையாளர். ‘டெயிலி ரெலிகிராப்’ பத்திரிகையில் 1912 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தலையங்கங்கள் எழுதினார். அரசாங்கங்கள் அவற்றைப் படித்திருக்கும், அமைச்சர்கள் சினந்திருப்பர். அவற்றுள் ஒன்றையேனும் இன்று நினைவிலிருந்து சொல்லக்கூடியவர் எவருமிருப்பார் என்று நான் நம்பவில்லை. வகுப்பறை நான்கடியோ இன்றும் வாய்க்கு வாய் செல்கிறது. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இந்த நினைப்பு எனக்கு அவ்வளவு ஆறுதலாக இல்லை.

படைப்பை அதன் நீளத்தாலும் நோக்கத்தின் பெருமையாலும் அளக்கும் விமர்சகர்கள் நம்மிடையே பலர். சமுதாயத்துக்கு என்ன செய்தது என்பர் ஒரு சாரார். யாப்பு எங்கே என்பர் மறு சாரார். கிளெரிஹியூ இரண்டு பரீட்சையிலும் தேறாது. அதனை இரசிப்பதற்கு வேறொரு வழி இருக்கிறது. இரசித்தவன் அடுத்த ஒன்றைத் தானே எழுதிவிடுகிறான். ஆங்கிலக் கவிஞருள் மிகக் கண்டிப்பான கைத்திறன் உடையவர்களில் ஒருவராகிய ஓடன், இவ்வகைப் பாட்டுகளாலேயே ஒரு சிறு நூலை 1971இல் வெளியிட்டார். அவரைக் காட்டிலும் பெரிய மதிப்புரை இந்த வடிவத்துக்குக் கிடைத்ததில்லை. அதிலே ‘நன்று’ என்ற சொல் ஒருமுறைகூட வரத் தேவையிருக்கவில்லை.

பென்ற்லி 1956 மார்ச்சில் காலமானார். அவரும் தோழர்களும் பாடசாலை நாட்களில், 1893ஆம் ஆண்டளவிலே, பாட்டுகளை எழுதிவைத்த குறிப்புப் புத்தகம் மட்டும் தப்பிப் பிழைத்துப் பாடசாலைக்கே வந்து சேர்ந்தது. 1982இல் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலைப் பதிப்பகம் அதனை அச்சிட்டது. பையன்களின் கையெழுத்து, மை, செஸ்டர்டன் கிறுக்கிய படங்கள். அதிலே எழுதியோரின் பெயர்களைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒன்று என்னை நிறுத்தியது. எட்வேட் செஸ்டர்டன், கில்பேட்டின் தகப்பனார். வீடு விற்று வாடகைக்குக் கொடுக்கும் குடும்ப வியாபாரத்தைச் சேர்ந்த மனிதர். மகனும் அவன் சிநேகிதர்களும் பாடத்தை விட்டுக் கிறுக்கிக்கொண்டிருந்த புத்தகம் அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. அவர் அதனைக் கிழித்தெறியவில்லை. பேனாவை எடுத்துத் தாமும் சில எழுதிவைத்தார்.