ஹேர் டிரான்ஸ்பிளான்ட்: வலி எத்தனை நாள் இருக்கும்? எப்போது உஷாராக வேண்டும்?

"வெள்ளிக்கிழமை பண்ணிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போயிடலாம்ல?" ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்ய நினைக்கும் பலரின் முதல் கேள்வி இதுதான். வீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பில் செய்யும் வேலை என்றால் பெரும்பாலும் முடியும். ஆனால், வேலைக்குத் திரும்புவது வேறு, புண் ஆறுவது வேறு. யாருக்கும் தெரியாமல் செய்துகொள்பவர்கள், வலி வந்தாலும் வெளியே சொல்லாமல் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

வலி எங்கிருந்து வருகிறது?

பின்னந்தலையில் இருக்கும் முடிகளை வேர்க்காலோடு எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் நடுவதே இந்தச் சிகிச்சை. எஃப்.யு.இ. முறையில் வேர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எஃப்.யு.டி. முறையில் ஒரு பட்டை அளவுக்குத் தோலை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் தையல் போடுவார்கள்.

மரத்துப்போகும் ஊசி போடுவதால் சிகிச்சையின்போது பெரிதாக வலிக்காது. அந்த ஊசி குத்தும்போதுதான் 'சுரீர்' என்று இருக்கும். மருந்தின் வேகம் குறைந்ததும், அன்று இரவு வலி தலைகாட்டும். முடி நட்ட இடத்தைவிட, முடி எடுத்த பின்னந்தலைதான் பெரும்பாலும் அதிகம் வலிக்கும். தையல் போட்டவர்களுக்கு இறுக்கிப் பிடித்தது போல இருக்கும்.

முதல் மூன்று நாட்கள்

பொதுவாக முதல் மூன்று நாட்களில் வலி படிப்படியாகக் குறைந்துவிடும். பலருக்குப் பாராசிட்டமாலே போதும். ஆனால் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால், டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. "தலைவலிக்கு எப்பவும் போடுற மாத்திரைதானே" என்று வீட்டில் இருப்பதை விழுங்குவது தவறு.

இரண்டாவது நாளிலிருந்து நெற்றி வீங்கலாம். சிலருக்கு அந்த வீக்கம் கண் இமை வரை இறங்கி, கண்ணாடியில் பார்த்தால் பயமுறுத்தும். இதுவும் சில நாட்களில் வடிந்துவிடும். முதல் சில இரவுகள் இரண்டு, மூன்று தலையணை வைத்து, தலையை உயர்த்தி மல்லாந்து படுத்தால் வீக்கம் குறையும். ஐஸ் ஒத்தடம் கொடுப்பதாக இருந்தால் நெற்றியில் மட்டும்தான். நட்ட இடத்தில் வைக்கவே கூடாது.

பத்து நாள் பத்தியம்

நட்ட ஒவ்வொரு வேர்க்காலைச் சுற்றியும் சின்னதாகப் பொருக்கு கட்டும். அரிப்பும் எடுக்கும். வலியைவிட இதுதான் பெரிய சோதனை. நகத்தால் பிய்த்தால் பொருக்கோடு வேர்க்காலும் சேர்ந்து வந்துவிடலாம். வேர்க்கால் தோலில் உறுதியாகப் பிடித்துக்கொள்ள ஏறக்குறைய பத்து நாள் ஆகும். டாக்டர் சொன்ன நாளிலிருந்து, மிதமான ஷாம்பூவைத் தேய்க்காமல் ஒற்றி, மக்கில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி அலசினால், பொருக்கு ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் தானாக உதிர்ந்துவிடும். ஷவரை நேராகத் தலையில் திறந்துவிடக் கூடாது.

நம் ஊரில் கூடுதல் கவனம் தேவைப்படும் விஷயங்கள் சில உண்டு. "சூட்டைத் தணிக்கும்" என்று தேங்காய் எண்ணெய் தடவுவது, மஞ்சள் பூசுவது இரண்டும் ஆறாத புண்ணுக்கு ஆகாது. ஹெல்மெட் நட்ட இடத்தில் உரசும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது தீர்வல்ல, அந்த நாட்களில் பைக்கையே தவிர்ப்பதுதான் சரி. வியர்க்க வைக்கும் ஜிம்முக்கு இரண்டு வாரம், நீச்சல் குளத்துக்கு ஒரு மாதம் லீவு. உச்சி வெயிலும் வேண்டாம். சிகரெட்டில் இருக்கும் நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நட்ட வேர்க்காலுக்குப் போகும் ரத்தம் குறைந்தால் புண் ஆறுவதும் தள்ளிப்போகும்.

"காசு போச்சே!"

இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள், நட்ட முடிகளில் பெரும்பாலானவை கொட்டிவிடும். பலர் இடிந்துபோவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் இது தோல்வி அல்ல. உதிர்வது முடி மட்டும்தான், வேர்க்கால் உள்ளேயே ஓய்வெடுக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப்பார்க்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகலாம். பின்னந்தலையில் மரத்துப்போன உணர்வு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட நீடித்துத் தானாகச் சரியாகும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி மறுபடி கூடினால், அது உடல் கொடுக்கும் எச்சரிக்கை.

* மூன்று நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும் வலி, துடிப்பு
* காய்ச்சல், குளிர் நடுக்கம்
* சீழ், கெட்ட வாடை, பரவும் சிவப்பு
* நட்ட இடத்தில் தோல் கறுத்துப்போவது
* அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்

இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு, மயக்கம், உடம்பெல்லாம் தடிப்பு என்றால் கிளினிக்குக்கு போன் செய்து காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. 2016 மே மாதம் சென்னையில் இந்தச் சிகிச்சை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் சில நாட்களிலேயே உயிரிழந்தார். அவரே ஒரு மருத்துவ மாணவர். ஹேர் டிரான்ஸ்பிளான்ட் என்பது சலூன் வேலை அல்ல, அறுவை சிகிச்சை என்பதைப் பலருக்கும் உணர்த்திய சம்பவம் அது.

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. முறையான அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்வது பயிற்சி ஆகாது.

அதனால் அட்வான்ஸ் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். "டாக்டர் யார், அவர் என்ன படித்திருக்கிறார்? சிகிச்சை முடியும் வரை கூடவே இருப்பாரா? ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் பண்ணணும்?" கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வராத இடத்தில் எவ்வளவு டிஸ்கவுன்ட் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. ஆபீஸில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.