நீலப் பூனைக்குக் குரல் வந்த கதை

சித்திரக்காரன் ஓர் உருவத்தைப் படைக்கின்றான். ஆயின், அவ்வுருவம் வாய் திறந்து பேசும்போது எக்குரலில் பேசவேண்டும் என்பதைச் சில வேளைகளில் அவனும் அறியான். யப்பானியச் சிறுவரின் உள்ளங்கவர்ந்த டோரேமொன் என்னும் நீலப் பூனையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

டோரேமொன் இருபத்திரண்டாம் நூற்றாண்டிலே செய்யப்பட்ட யந்திரப் பூனை. நோபிதா என்னும் சோம்பற் சிறுவனைத் திருத்துவதற்கென, காலங்கடந்து, அவனுடைய மேசை இழுப்பறை வழியாக வந்து சேருகின்றது. அது தன் வயிற்றுப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் விந்தைக் கருவிகளை நோபிதா தாறுமாறாகப் பயன்படுத்தி அகப்பட்டுக்கொள்வதே கதையின் நகைச்சுவை.

இதனைப் படைத்தவர் புஜிகோ எஃப். புஜியோ என்ற புனைபெயர் கொண்ட ஹிரோஷி புஜிமோட்டோ. 1969 டிசெம்பரில் ஆறு சிறுவர் சஞ்சிகைகளில் ஒரேவேளையில் கதை தொடங்கிற்று. அதற்கு முந்திய இதழ்களில் வந்த விளம்பரத்திலோ பூனையைக் காணோம். இழுப்பறையைக் கண்டு திகைக்கும் சிறுவன் மட்டுமே இருந்தான். கதாநாயகன் யார் என்பது ஆசிரியருக்கே அப்பொழுது தோன்றவில்லை! பின்னர், மகளின் பொம்மையொன்று காலில் இடறியதும் பூனை நினைவும் பொம்மை வடிவும் ஒன்றுசேர்ந்து டோரேமொன் பிறந்ததாக அவரே பின்னாளில் சித்திரக் கதையாக வரைந்து காட்டினார்.

1973 ஏப்பிரலில் இக்கதை அசையும் சித்திரமாகத் தொலைக்காட்சிக்கு வந்தது. முதலில் கொஸெய் தொமிதா என்ற ஆண் நடிகர் பூனைக்குக் குரல் கொடுத்தார். இடையில் அப்பொறுப்பு மசாக்கோ நொஸாவா என்னும் நடிகைக்கு மாறியது. தயாரிப்பு நிறுவனம் நிலைகுலைந்தமையால், ஆறே மாதங்களில் தொடர் நின்றுபோயிற்று.

மீண்டும் 1979 ஏப்பிரலில் வேறொரு நிறுவனம் புதிய தொடரைத் தொடங்கியது. இம்முறை பூனையின் குரலாக வந்தவர் நொபுயோ ஓயாமா என்னும் நடிகை. கரகரத்த குரல் அவருக்கு இயல்பாக அமைந்தது. பள்ளிப் பருவத்தில் அக்குரலைக் கேட்டு உடன் மாணவர் நகைத்தனர். அவர் வாய் திறக்கவே கூசினார். குறையென்று எண்ணி ஒளித்து வைத்தால் அது மேலும் நலியும், அதனைப் பயன்படுத்து என்று தாயார் தேற்றினார். மகளும் பள்ளியின் ஒலிபரப்புக் கழகத்திற் சேர்ந்தார்.

யப்பானிலே பெரும்பாலும் சித்திரம் முதலிலும் குரல் பின்னரும் அமையும். நடிகர்கள் திரையை நோக்கி நின்று, உருவத்தின் வாயசைவுக்கு ஏற்பப் பேசுதல் வேண்டும். இதில் வெறும் உச்சரிப்புப் போதாது. பாத்திரத்தின் பண்பையும் உணர்தல் வேண்டும். குழந்தையைப் பேண அனுப்பப்பட்ட யந்திரம் தகாத சொல் பேசாது, முதலில் முறையாகத் தன் பெயரைச் சொல்லி வணங்கும் என்று ஓயாமா கருதினார். அவ்வாறே அவர் சேர்த்த மரியாதையான அறிமுகம் டோரேமொனின் அடையாளமாயிற்று. டோரேமொனின் குரல் இத்தகையது என்பதை இப்போதுதான் அறிந்தேன் என்னும் கருத்துப்பட ஆசிரியர் தம்மிடம் கூறியதாகவும் அவர் நினைவுகூர்ந்துள்ளார்.

1996இல் புஜிமோட்டோ மறைந்த பின்னரும் அக்குரல் ஓயவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பேசிய ஓயாமா, 2005இல் ஏனைய நான்கு முதன்மை நடிகரோடு விடைபெற்றார். வசாபி மிசுதா என்பவர் பூனையின் குரலை ஏற்றார். முதுமையில் மறதிநோய் ஓயாமாவைப் பற்றியது. 2024 செப்டெம்பரில், தம் தொண்ணூறாவது வயதில், அவர் காலமானார்.

ஒரு வகுப்பறை எள்ளி நகைத்த அதே குரலைக் கேட்பதற்காக, ஒரு நாட்டின் குழந்தைகள் கால் நூற்றாண்டுக்கு மேலாக வாரந்தோறும் காத்திருந்தனர். அந்தத் தாயின் சொல் வீண்போகவில்லை.