லோயர் ஆர்ம் மாத்தலாமா? ரூல் புக்கைக் கேளுங்க!

140 கி.மீ. வேகத்துல ஒரு கார் வளைவுக்குள்ள போகுது. வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஒரு சின்ன ஸ்டீல் பின் உடையுது. சக்கரம் மடங்கிடும், ஸ்டியரிங் திருப்பியும் பிரயோஜனம் இல்லை. "அப்போ இன்னும் வலுவான பார்ட் போட வேண்டியதுதானே?"ன்னு நமக்குத் தோணும். கிளப் ரேஸிங்ல அது அவ்வளவு சுலபம் இல்லை. ஏன்னு பழைய போர்ஷே 944 காரை வெச்சுப் பார்ப்போம்.

முதல்ல, கன்ட்ரோல் ஆர்ம்னா என்ன? நம்ம ஊர் மெக்கானிக்குகள் லோயர் ஆர்ம்னு சொல்றதுதான். ஒரு முனை புஷ் வழியா சேஸியில இருக்கும். இன்னொரு முனை பால் ஜாயின்ட் வழியா சக்கரத்தோட சேரும். சக்கரம் மேலும் கீழும் போகலாம், ஆனா பக்கவாட்டுல நகரக் கூடாது. அதைப் பார்த்துக்கறதுதான் இதோட வேலை.

எவ்வளவு விசை வரும்? ஒரு தோராயக் கணக்கு போடலாம். டிரைவரோட சேர்த்து கார் 1,200 கிலோன்னு வெச்சுக்குங்க. 944-ல கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கறதால எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. வளைவுல 1.2 ஜி வந்தா முன் ஆக்ஸிலுக்குச் சுமார் 7,000 நியூட்டன். அதுல 80 சதவீதத்தை வெளிப்பக்கச் சக்கரம் வாங்கினா 5,600-க்கு மேல. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட்ல பால் ஜாயின்ட் தரையிலிருந்து 150 மி.மீ., ஸ்ட்ரட்டோட மேல் முனை 700 மி.மீ. உயரத்துல இருக்குன்னு எடுத்து மொமென்ட் போட்டா, ஆர்ம் மேல வர்றது சுமார் 7,200 நியூட்டன். ஒரு மாருதி 800 காரோட எடையை விட அதிகம். ஒவ்வொரு வளைவுலயும், ஒவ்வொரு லேப்லயும் இதே கதைதான்.

944-ல என்ன பிரச்சனை?

இந்த கார் 1982-லிருந்து 1991 வரைக்கும் வந்தது. ஆரம்ப கால கார்கள்ல ஃபோக்ஸ்வாகன் வழி வந்த ஸ்டீல் ஆர்ம். பால் ஜாயின்ட் தேய்ஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம். 1985 நடுவுல அலுமினிய ஆர்ம் வந்தது. எடை குறைவு, நல்ல டிசைன்தான். ஆனா பால் ஜாயின்ட் ஆர்மோட சேர்ந்தே வரும். அது தேய்ஞ்சா கம்பெனி கணக்குப்படி முழு ஆர்மையே மாத்தணும். விலை குறைஞ்ச பழைய காரை வாங்கி ரேஸ் ஓட்டறவங்களுக்கு இது பெரிய செலவு.

ரோட்டுல ஓட்டினா இது பல வருஷம் தாங்கும். ரேஸுக்குன்னு காரைத் தாழ்த்தும்போதுதான் சிக்கல். ஆர்ம் நீளம் 330 மி.மீ.ன்னு வெச்சு காரை 40 மி.மீ. இறக்கினா ஆர்மோட கோணம் சுமார் 7 டிகிரி மாறும். பால் ஜாயின்ட் குறிப்பிட்ட கோணம் வரைக்கும்தான் சாயும். அந்த இடத்துல பாதியை நாம நின்ன நிலையிலேயே செலவு பண்ணிட்டோம்னா, மேட்டுல ஏறும்போது பின் சாக்கெட் விளிம்புல போய் முட்டும். அதுக்கப்புறம் அது ஜாயின்ட்டே இல்லை, கான்டிலீவர் பீம். பெண்டிங் மொமென்ட் முழுக்கப் பின்னோட கழுத்துல விழும். இது நூத்துக்கணக்கான தடவை நடந்தா ஃபட்டீக் கிராக் விட்டு ஒரு நாள் உடையும்.

ஆர்முக்கும் வயசு உண்டு. அலுமினியத்துக்கு ஸ்டீல் மாதிரி தெளிவான எண்டியூரன்ஸ் லிமிட் கிடையாது. எஸ்-என் கர்வ் இறங்கிட்டே போகும்னு மெட்டீரியல்ஸ் பேப்பர்ல எழுதி மார்க் வாங்கினோமே, அதுதான் இங்க 35 வயசு ஆர்ம்ல நடக்குது.

ரூல் ஏன் குறுக்கே வருது?

அமெரிக்காவுல எஸ்.சி.சி.ஏ. 1944-லிருந்து இருக்கு. போர்ஷே கிளப் தன் ரேஸிங்கை 1992-ல ஆரம்பிச்சது. நாசான்னு இன்னொரு அமைப்பும் இருக்கு (ராக்கெட் விடற நாசா இல்லை!). அங்க 944-க்குன்னே ஒரு ஸ்பெக் கிளாஸ் உண்டு. இந்த மாதிரி கிளாஸ்களோட அடிப்படை ஒண்ணுதான்: செய்யலாம்னு புத்தகத்துல எழுதியிருந்தாதான் செய்யலாம். "கூடாதுன்னு எங்கேயும் போடலையே"ன்னு வாதாட முடியாது.

முதல் தடவை படிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் போற விஷயத்துல ரூல் என்ன ரூல்னு. அப்புறம்தான் மறுபக்கம் புரிஞ்சது. தாழ்த்தின கார்ல ரோல் சென்டர் புவியீர்ப்பு மையத்தை விட அதிகமா கீழே போயிடும், பாடி ரோல் கூடும். நீளமான பின் உள்ள ஆர்ம் போட்டா பால் ஜாயின்ட் முட்டாது. கூடவே ஆர்ம் மறுபடி சமமாகி ரோல் சென்டரும் மேலே வரும், கார் வேகமாவும் போகும். அதாவது பாதுகாப்புக்குன்னு போடற பார்ட்டே லேப் டைமையும் குறைக்குது. ஒருத்தர் போட்டா எல்லாரும் போடணும். காசு இல்லாதவர் வெளியே போவார். குறைஞ்ச செலவுல ரேஸ்னு ஆரம்பிச்சதே அடிபட்டுப் போயிடும்.

அதனால ஒரு நியாயமான ரூல் பார்ட்டோட பேரை மட்டும் பார்க்காது, ஜியோமெட்ரியைப் பார்க்கும். பிக்அப் பாயின்ட் அதே இடத்துல இருக்கா? பால் சென்டர் நகர்ந்திருக்கா? நீளம் மாறியிருக்கா? மெட்டீரியல் என்ன? இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்சா பலம் எவ்வளவு கூடுது, வேகம் எவ்வளவு கூடுதுன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.

அப்போ என்ன வழி?

ஒண்ணு, அதே மாடல் புது ஆர்ம். எந்த வம்பும் இல்லை, பர்ஸ்தான் காலி. ரெண்டு, பழைய ஆர்முக்குப் புது பின்னும் கப்பும் போட்டு ரீபில்ட் பண்றது. செலவு குறைவு, ஆனா ஆர்ம் அதே பழைய அலுமினியம்தான். மூணு, வேற வருஷத்து ஆர்ம். இதுக்கு ரூல் அனுமதி வேணும். 1987-ல வீல் ஆஃப்செட் மாறினதால கண்ணை மூடிட்டு மாத்தவும் முடியாது. நாலு, வெளி கம்பெனிகள் செய்யற ஸ்டீல் டியூப் ஆர்ம். பலம் அதிகம், ரூல்ல இருந்தா மட்டும்.

அஞ்சாவதா "இருக்கிற ஆர்ம் மேல ஒரு பிளேட் வெல்ட் பண்ணிடலாமே"ன்னு யாராவது சொல்வாங்க. தயவுசெய்து வேண்டாம். ஹீட் ட்ரீட் பண்ணின அலுமினியத்துல வெல்ட் பக்கத்துல பலம் குறையும். ரூலும் உடையும், ஆர்மும் உடையும்.

எந்த வழியா இருந்தாலும் சில வேலைகள் கட்டாயம். அலுமினியத்துல காந்த முறை வேலை செய்யாது, அதனால டை பெனட்ரன்ட் டெஸ்ட்ல விரிசல் பாருங்க. காரைத் தாழ்த்தின பிறகு ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு சக்கரத்தை முழு அளவுக்கு ஏத்தி இறக்கிப் பாருங்க, பின் எங்க முட்டுதுன்னு கண்ணாலயே தெரியும். ரப்பர் புஷ் போல்ட்டை கார் தரையில நிக்கிற உயரத்துலதான் டைட் பண்ணணும். சக்கரம் தொங்கும்போது பண்ணினா ரப்பர் எப்பவும் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். கடைசியா கேம்பர், காஸ்டர், டோ மூணும் திரும்ப செட் பண்ணணும். ஆர்ம் போட்ட தேதியையும் ஓடின மணி நேரத்தையும் எழுதி வைங்க. டயர் மாதிரி அதுவும் தேயற பொருள்தான்.

ரூல் தப்புன்னு தோணினா? உடைஞ்ச பின்னோட போட்டோ, அளவு, கணக்கு எல்லாத்தையும் ரூல் எழுதறவங்களுக்கு அனுப்பலாம். பல ரூல்கள் அப்படித்தான் திருந்தியிருக்கு. பாஜா, ஃபார்முலா ஸ்டூடன்ட்னு இறங்கப் போற ஜூனியர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கேட் திறக்கறதுக்கு முன்னாடி ரூல் புக்கைத் திறங்க. சந்தேகம் இருந்தா பார்ட் போட்டுட்டுக் கேட்காதீங்க, கேட்டுட்டுப் போடுங்க.