மரப்பெட்டிக்குள் கற்காலம்! பள்ளிப் பிள்ளைகள் தோண்டிப் படிக்கலாம்

பல்லாவரம் வழியாக தினமும் மின்சார ரெயிலில் போகிறவர்கள் ஏராளம். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி தொடங்கியதே அந்த ஊரில்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் அதிகாரி அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கற்கோடரிகள் கிடைத்தன. அங்குள்ள கருவிகளுக்கு 15 லட்சம் வயசு என்று 2011-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். மைதானத்தில் தோண்டச் சொன்னால்?

செலவு அதிகம் இல்லை. ஒரு மரப்பெட்டி போதும். அடியில் செம்மண், நடுவில் மணல், மேலே களிமண். ஒவ்வொரு அடுக்கிலும் நாலைந்து கல், ஓட்டுச் சில்லு. மேலே கயிறு கட்டி கட்டம் பிரிக்க வேண்டும். பிரஷ்ஷால் மெதுவாக மண்ணைத் தள்ள வேண்டும். பொருளை எடுக்கும் முன்பே ஆழத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. அவ்வளவுதான் கணக்கு.

அவசரக்காரப் பையன் வெடுக்கென்று பிடுங்கி விடுவான். "எந்த அடுக்கிலேப்பா இருந்தது?" என்றால் திருதிருவென முழிப்பான். கல் கையில் இருக்கிறது, வயசு போச்சு!

அத்திரம்பாக்கம் கருவிகளின் வயசைக் கண்டுபிடிக்க அவை கிடந்த மண் அடுக்கும் உதவியது. அதனால் வெளியே போகும்போது கற்கருவி கண்ணில் பட்டால் பையில் போடக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

பெட்டியில் ஒரு தடவை ஏமாந்த பிள்ளை இதை மறக்கவே மறக்காது!