பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்

திரும்பி வரும் கார்ட்டூன்கள் கற்றுத் தருவது என்ன?

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கார்ட்டூன் வரையத் தொடங்கும் இருமொழிக்காரருக்குத் தட்டுவதற்கு இரண்டு கதவுகள் உண்டு. தமிழ்ப் பத்திரிகைகளின் சென்னை, திருப்பதியிலிருந்து சுமார் 135 கி.மீ. தெலுங்குப் பத்திரிகைகளின் ஹைதராபாத் அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம். சங்கடமும் அதற்கேற்ப இரட்டிப்பு: இரண்டு ஊர்களிலிருந்தும் படங்கள் திரும்பி வரலாம். தபால் காலத்தில் சுயவிலாசமிட்ட உறையில் 'வருந்துகிறோம்' என்ற அச்சிட்ட சீட்டாவது வந்தது. மின்னஞ்சல் காலத்தில் பெரும்பாலும் மௌனமே பதில்.

காரணம் எழுதி அனுப்ப ஆசிரியர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அதைப் படத்திடம்தான் கேட்க வேண்டும். இருமொழிக்காரர்களுக்கு அதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. தமிழ் வசனத்தைத் தெலுங்கில் மாற்றியதும் சிரிப்பு காணாமல் போனால், அது சிலேடையில் இருந்ததே தவிர கோட்டில் இல்லை. வசனத்தைக் கையால் மறைத்த பிறகும் யார் யாரை ஏய்க்கிறார் என்பது புரிந்தால், படம் தேறிவிடும்.

இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற நிராகரிப்பு மைசூர் இளைஞர் ஆர்.கே. லட்சுமணுக்குக் கிடைத்தது. மாணவராகச் சேரப் போதுமான திறமை இல்லை என்று பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளி கைவிரித்தது. அவர் மைசூரிலேயே பட்டப்படிப்பு முடித்தார், காக்கைகளையும் தெருக்களையும் வரைந்து கையைப் பழக்கினார், அண்ணன் ஆர்.கே. நாராயணின் கதைகளுக்குப் படம் போட்டார். பிறகு அதே பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் 'சாமானிய மனித'னை வரைந்தார். 1984இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது.

புகழ் பெற்றவர்களுக்கும் விலக்கில்லை. அமெரிக்காவின் 'நியூ யார்க்கர்' இதழுக்கு வாரம் பத்துப் படங்கள் அனுப்புவது அங்குள்ள கார்ட்டூனிஸ்டுகளின் வழக்கம். ஒன்று தேறினாலே அதிர்ஷ்டம். அப்படித் தள்ளப்பட்டவை 2006இல் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன.

படம் சரியாக இருந்தும் திரும்பி வருவது வேறு ரகம். நெருக்கடி நிலையின்போது 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' கார்ட்டூனிஸ்ட் அபு ஆபிரகாம் இதை அனுபவித்தார். குளியல் தொட்டியில் படுத்தபடியே ஜனாதிபதி அவசரச் சட்டத்தில் கையெழுத்திடும் அவரது படம் 1975 டிசம்பரில் தணிக்கையைத் தாண்டி அச்சேறியது. வேறு சில படங்கள் தாண்டவில்லை. அவற்றை அவர் கிழித்துப் போடவும் இல்லை, சாதுவாக்கித் திருத்தவும் இல்லை. நெருக்கடி நிலை முடிந்த 1977இலேயே அவை புத்தகத்தில் இடம்பெற்றன.

ஆகவே, திரும்பி வந்த படத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புரியாததால் திரும்பியதா, நன்றாகப் புரிந்துவிட்டதால் திரும்பியதா? முதலாவது என்றால் மறுபடி வரைய வேண்டும். இரண்டாவது என்றால் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். புதியவர்களின் படங்களில் பெரும்பாலானவை முதல் ரகம் என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.