பிரேக் ஒரு நொடியில் போவதில்லை

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில் பாரிவாக்கம் சந்திப்பைத் தினமும் கடப்பவர்களுக்கு லாரி புதிதல்ல. ஒரு பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலை. மேற்கே சற்றுத் தள்ளி, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை. எம்-சாண்ட் டிப்பர், ஜல்லி ஏற்றிய டாரஸ், கம்பி லோடு, கன்டெய்னர் என்று இரவு பகலாக ஓட்டம்தான். சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டுப் பின்னால் வரும் டிப்பரைக் கண்ணாடியில் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்: இதற்கு பிரேக் பிடிக்காமல் போனால்?

அந்தப் பயம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கும் உண்டு. அவரைப் பற்றித்தான் நாம் பேசுவதில்லை.

மிதித்தும் நிற்காதபோது

அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். அனுபவப்பட்ட டிரைவர் முதலில் கியரை இறக்குவார். என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பதற்றத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் அந்தப் பிடியும் போய்விடும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் போடுவார். வேகத்தில் ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஹார்னிலிருந்து கையை எடுக்காமல், ஆளில்லாத பக்கத்தைத் தேடுவார். மண்மேடு, மணல் குவியல், சென்டர் மீடியன் என்று எது கிடைத்தாலும் உரசி உரசி வேகத்தைக் குறைப்பார். 

பின்னால் இருக்கும் லோடு அவருக்கு இன்னொரு ஆபத்து. கம்பியையோ இரும்புச் சுருளையோ இறுக்கிக் கட்டாமல் ஏற்றியிருந்தால், வண்டி மோதி நின்ற பிறகும் அது நிற்காது. கேபினைத் துளைத்துக்கொண்டு முன்னால் வரும். நம் லாரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூக்கு கிடையாது. டிரைவரின் முழங்காலுக்கும் முன்னால் நிற்கும் வண்டிக்கும் நடுவே இருப்பது மெல்லிய முகப்புதான். உயிர் பிழைத்தும் கால் நசுங்கிப்போவது இதனால்தான்.

‘திடீர்’ என்பது பொய்

‘திடீரென பிரேக் பிடிக்காததால்’ என்று செய்திகளில் வரும் வரியை நான் நம்புவதில்லை. ஏர் பிரேக் வண்டியில் காற்று முழுவதும் இறங்கிவிட்டால் பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும். நிற்காமல் ஓடும் வண்டியில் நடந்திருப்பது பெரும்பாலும் வேறு. லைனிங் தேய்ந்திருக்கும். ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்து, மிதிக்கும் மிதி டிரம் வரை போய்ச் சேராமல் இருக்கும். அல்லது டிரம் சூடேறிச் சூடேறி லைனிங்கின் பிடிமானமே செத்துப்போயிருக்கும். முதல் இரண்டும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பவை. மூன்றாவதைத் தீர்மானிப்பது எடை.

28.5 டன் எடையோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியை ஒருமுறை நிறுத்தினால், பிரேக்கில் உண்டாகும் சூடு ஏறத்தாழ 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அதன்மேல் 10 டன் கூடுதலாக ஏற்றினால் 18 லிட்டர். மலை இறக்கத்தில் அந்தச் சூடு ஆற நேரமே கிடையாது. தர்மபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பர் 12 அன்று சிமெண்டு லாரி கட்டுப்பாட்டை இழந்து முன்னால் இருந்த வாகனங்கள்மீது மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் அதே கணவாயில் இன்னொரு லாரியால் மறுபடியும் 4 உயிர்கள் போயின. பாரிவாக்கத்தில் மலை இல்லை. ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் மிதித்து நிறுத்தும் சாலையில் தேய்ந்த லைனிங்குக்கு மலை தேவையில்லை.

எடை கூடியது, சோதனை குறைந்தது

2018-ல் மத்திய அரசு லாரிகளின் அனுமதி எடையை உயர்த்தியது. இரண்டு ஆக்சில் லாரிக்கு 16.2 டன் என்பது 18.5 ஆனது. மூன்று ஆக்சில் லாரிக்கு 25 டன் 28.5 ஆனது. அதே ஆண்டில் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று விதியும் தளர்ந்தது. ஆண்டுதோறும் காட்ட வேண்டியிருந்த வண்டியை, 8 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றானது. கூடுதல் எடையைச் சுமக்கச் சொல்லிவிட்டு, பிரேக்கைப் பார்க்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குவது எந்தக் கணக்கு?

டீசல், டயர், சுங்கம் எல்லாம் ஏறியும் வாடகை ஏறவில்லை என்கிறார்கள் உரிமையாளர்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பற்றாக்குறை டிரைவரின் உயிரிலிருந்து ஈடுகட்டப்படுகிறது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு, வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வருமானமில்லை. பிரேக் தளர்ந்திருப்பது தெரிந்தும் ‘இந்த நடையை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சாவியைத் திருப்பச் சொல்வது அந்தக் கூலி முறைதான்.

பிழைத்தபின் குற்றவாளி

விபத்தில் பிழைக்கும் டிரைவருக்கு மருத்துவமனை வரை பாதை ஓரளவு சீராகியிருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வடமாநில டிரைவருக்கும் இது பொருந்தும்.

கட்டிலில் கண் விழித்ததும் அடுத்தது வழக்கு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 2 ஆண்டு வரை என்றிருந்த சிறைத்தண்டனை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 5 ஆண்டு வரை உயர்ந்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கையில் முதலில் ஏறும் பெயர் டிரைவருடையது. லோடு ஏற்றச் சொன்னவர், லைனிங் மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர், எடை மேடையைத் தவிர்த்து அனுப்பியவர் ஆகியோர் அந்தக் காகிதத்தில் இருப்பது அரிது.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாயும், மிஞ்சும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஓட்டுபவருக்கு மட்டுமின்றி, ஓட்டச் செய்பவருக்கும் அனுமதிப்பவருக்கும் அது பொருந்தும். உரிமையாளரின் அறிவோடு அல்லது உத்தரவின்பேரில் நடந்ததாகவே நீதிமன்றம் கருதலாம் என்கிறது 113-ஆம் பிரிவு. இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்ப நினைத்தால், உரிய கவனத்தோடு பராமரித்தும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு அது என்று உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்று இழப்பீட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது.

ஆகவே கேட்பது இரண்டுதான். விபத்தில் சிக்கிய லாரியின் லைனிங், டிரம், ஸ்லாக் நிலையையும் மொத்த எடையையும் ஆய்வறிக்கையில் கட்டாயம் எழுதி, அதன் நகலை டிரைவருக்குக் கொடுக்க வேண்டும். அதில் தேய்மானமோ ஓவர்லோடோ தெரிந்தால், வண்டியை அனுப்பியவர் பெயரும் அதே வழக்கில் சேர வேண்டும். பட்டறைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் தன் பெயரில் பதிவாகும் என்று தெரிந்தால், லைனிங் மாற்ற யாரும் அடுத்த நடை வரை காத்திருக்க மாட்டார்கள்.