கம்பியில்லா வீட்டு வலையமைப்பை நீட்டித்தல்

கம்பியில்லா வீட்டு வலையமைப்பை நீட்டித்தல் என்பது, ஒரு தள நிலையத்தின் வானொலி அலைகள் எட்டாத அறைகளிலும் இணைப்புக் கிடைக்கும் வகையில் மேலதிகத் தள நிலையங்களை நிறுவி, அவை அனைத்தையும் ஒரே வலையமைப்பாக இயங்கச் செய்வதாகும். கணினி, கைபேசி போன்ற கருவிகளுடன் வானொலி அலைகள் மூலம் தொடர்பு கொண்டு, அவற்றை இணையத்துடனோ பிற கணினிகளுடனோ இணைக்கும் சிறு பெட்டியே தள நிலையம் ஆகும். ஆப்பிள் நிறுவனம் இதனைப் பேஸ் ஸ்டேஷன் என அழைத்தது. ஏனைய நிறுவனங்கள் அணுக்கப் புள்ளி அல்லது வைஃபை ரவுட்டர் என்னும் பெயர்களில் இதனை விற்கின்றன.

தள நிலையங்களைத் தமக்குள் கம்பி மூலமும் இணைக்கலாம், வானொலி அலைகள் மூலமும் இணைக்கலாம். பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடே வலையமைப்பின் வேகத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றது.

பின்னணி

கம்பியில்லா உள்ளக வலையமைப்புகளுக்கான ஐஇஇஇ 802.11 என்னும் சீர்தரம் 1997 ஆம் ஆண்டில் வெளியானது. 1999 இல் வந்த 802.11பி, நொடிக்கு 11 மெகாபிட்டு வரையான வேகத்தை வழங்கியது. அதே ஆண்டு சூலை மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியுடன் ஏர்போர்ட் தள நிலையத்தையும் அறிமுகப்படுத்தியது. நியூயார்க்கில் நடந்த அந்நிகழ்வில் இசுட்டீவ் சொப்சு இணையத்தில் உலாவிக்கொண்டிருந்த மடிக்கணினியை ஒரு வளையத்தினூடாகச் செலுத்தி, அதில் கம்பி எதுவும் இல்லை என்று காட்டினார். 299 அமெரிக்க டொலர் விலையில் விற்கப்பட்ட அத்தள நிலையம், வீட்டில் கம்பியில்லா வலையமைப்பைப் பரவலாக்கிய தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்றாகும்.

அதன் எல்லை 150 அடி, அதாவது ஏறத்தாழ 45 மீட்டர் என்று கூறப்பட்டது. இத்தகைய எண்களை வீட்டுக்குள் அப்படியே எதிர்பார்க்க இயலாது. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்காகும்போது அலையின் திறன் நான்கில் ஒன்றாக, அதாவது 6 டெசிபெல் குறைகின்றது. வீட்டுக்குள் சுவர்கள் இருப்பதால் வீழ்ச்சி இன்னும் விரைவானது. வட அமெரிக்காவில் பரவலாக உள்ள மரச்சட்ட வீடுகளின் மெல்லிய உட்சுவர்களை அலைகள் எளிதில் ஊடுருவும். செங்கற்சுவரும் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டுத் தளமும் அவ்வளவு இடங்கொடுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டி, மீன் தொட்டி, உலோக அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறமுள்ள உலோகப் பூச்சு ஆகியனவும் அலைகளை உறிஞ்சவோ தெறிக்கச் செய்யவோ வல்லவை. மாடி வீடுகளில் கீழ்த்தளத்தில் நன்றாக இயங்கும் இணைப்பு மேல்தளத்தில் அறுந்து போவதற்கு இவையே பெரும்பாலும் காரணம்.

கம்பி மூலம் இணைத்தல்

முதன்மைத் தள நிலையத்திலிருந்து ஈதர்நெட் கம்பி ஒன்றை இழுத்து, அதன் மறுமுனையில் இரண்டாவது நிலையத்தைப் பொருத்துவது மிகப் பழைய முறையாகும். முறுக்கிய இணைக் கம்பி 100 மீட்டர் வரை செல்லக்கூடியது ஆதலால் எந்த வீட்டுக்கும் அது போதுமானது. நிலையங்களுக்கு இடையிலான போக்குவரத்து கம்பியிலேயே நடைபெறுவதால் வானொலி அலைவரிசையின் முழு நேரமும் பயனர் கருவிகளுக்கே கிடைக்கின்றது. சுவரைத் துளைக்க வேண்டும் என்பதே இம்முறையின் ஒரே பெரிய குறை எனலாம். துளைக்க இயலாத வீடுகளில், ஏற்கனவே உள்ள மின்கம்பி அல்லது தொலைக்காட்சிக்கான ஓரச்சு வடம் வழியாகத் தரவை அனுப்பும் இணைப்பிகளும் பயன்படுத்தப்படுகின்றன.

கம்பியின்றி இணைத்தல்

2003 ஆம் ஆண்டு சனவரியில் வெளியான ஏர்போர்ட் எக்சுட்ரீம் தள நிலையம், நொடிக்கு 54 மெகாபிட்டு வேகமுள்ள 802.11ஜி முறையைப் பயன்படுத்தியது. தள நிலையங்களைக் கம்பியின்றியே ஒன்றோடொன்று இணைக்கும் வசதியும் அதில் இருந்தது. கம்பியில்லாப் பகிர்வு முறைமை எனப்படும் இதனை டபிள்யூ.டி.எசு. என்று சுருக்கி அழைப்பர். இதில் தள நிலையங்கள் மூன்று வகைப்படும். இணைய இணைப்பு நேரடியாக வந்து சேருவது முதன்மை நிலையம். அதனிடமிருந்து பெற்று வேறொரு நிலையத்துக்கும் கடத்துவது அஞ்சல் நிலையம். சங்கிலியின் கடைசியில் இருப்பது தொலை நிலையம். அஞ்சல், தொலை நிலையங்கள் இரண்டுமே தம் அருகிலுள்ள கணினிகளுக்கும் இணைப்பு வழங்கக் கூடியவை. 2004 இல் வெளிவந்த ஏர்போர்ட் எக்சுபிரசு, சுவரிலுள்ள மின்செருகியில் நேரடியாகப் பொருத்தக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருந்தமையால் தொலை நிலையமாக வைப்பதற்கு ஏற்றதாக அமைந்தது.

இம்முறை இயங்கும் விதத்தைப் புரிந்துகொள்ள, வானொலி வழியே செல்லும் ஒரு பொதியின் தலைப்பகுதியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டு நீளமுள்ள வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. கணினிக்கும் தள நிலையத்துக்கும் இடையே செல்லும் வழக்கமான பொதியில் இத்தகைய முகவரிகள் மூன்று இருக்கும். ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குச் செல்லும் பொதிக்கு மூன்று முகவரிகள் போதா. பொதியை முதலில் உருவாக்கிய கருவி, அது இறுதியாகச் சேர வேண்டிய கருவி, இப்போது அனுப்பும் நிலையம், இப்போது பெறும் நிலையம் என நான்கையும் அது சுமக்க வேண்டும். 802.11 சீர்தரம் நான்காவது முகவரிக்கு இடம் ஒதுக்கியதே தவிர, இரு நிலையங்கள் ஒன்றையொன்று எவ்வாறு கண்டறிந்து உறவை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதை வரையறுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கேற்ற வழியைக் கையாண்டது. ஒரு நிறுவனத்தின் நிலையம் மற்றொரு நிறுவனத்தின் நிலையத்துடன் இணையாமற் போவது வழக்கமாயிற்று. பயனரே ஒவ்வொரு நிலையத்தின் வன்பொருள் முகவரியையும் மற்றதில் தட்டச்சு செய்து, எல்லா நிலையங்களையும் ஒரே அலைவரிசையில் வைக்க வேண்டியிருந்தது.

வேகம் குறைதல்

அஞ்சல் நிலையம் ஒவ்வொன்றும் வேகத்தைப் பாதியாக்கும் என்று பரவலாகக் கூறப்படுகின்றது. இக்கூற்றில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மை இல்லை.

ஒரே ஒரு வானொலிக் கருவி கொண்ட நிலையம் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் இயலாது. முதன்மை நிலையம் அனுப்பும் பொதியை முதலில் முழுமையாகப் பெற்றுக்கொண்டு, பின்னர் அதே அலைவரிசையில் கணினிக்கு மீண்டும் அனுப்புகின்றது. ஆகவே ஒரே பொதி வான்வெளியில் இருமுறை பயணம் செய்கின்றது. இடையில் இரு நிலையங்கள் இருந்தால் மூன்று முறை. 802.11ஜி முறையில் பெயரளவிலான 54 மெகாபிட்டு, காத்திருப்பு நேரமும் ஒப்புகைச் செய்திகளும் போக, நடைமுறையில் 20 முதல் 25 மெகாபிட்டு வரையே தரும். அஞ்சல் நிலையம் ஒன்றைக் கடந்தால் அது 10 முதல் 12 ஆகக் குறையும்.

எனினும் ஒப்பிட வேண்டியது எதனுடன் என்பது முக்கியமானது. அலை வலுவிழக்கும்போது கருவிகள் தம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். எல்லையில் தத்தளிக்கும் மடிக்கணினி நொடிக்கு 1 மெகாபிட்டுக்கே இறங்கியிருக்கலாம். 1500 பைட்டு, அதாவது 12,000 பிட்டு கொண்ட ஒரு பொதி அவ்வேகத்தில் 12 மில்லிநொடி நேரம் வான்வெளியை ஆக்கிரமிக்கின்றது. நடுவில் நல்ல இடத்தில் ஒரு நிலையத்தை வைத்து, இரு தாவல்களும் 54 மெகாபிட்டில் நடந்தால், அதே பொதியின் தரவுக்கு 0.22 மில்லிநொடி வீதம் இருமுறை, மொத்தம் ஏறத்தாழ 0.44 மில்லிநொடி போதும். மேற்செலவுகளைச் சேர்த்தாலும் இது பல மடங்கு குறைவு. வான்வெளி எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது. மெதுவாகப் பேசும் ஒரு கருவி முடிக்கும்வரை தள நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கும் கருவியும் காத்திருக்க வேண்டும். எனவே தொலைவிலுள்ள கருவி ஒன்றுக்காக நிறுவப்படும் நிலையம், சில வேளைகளில் வீடு முழுவதற்குமே பயன் தருகின்றது. மாறாக, ஏற்கனவே நல்ல அலை கிடைக்கும் அறையில் தேவையின்றி வைக்கப்படும் அஞ்சல் நிலையம் இருந்த வேகத்தையும் கெடுக்கும்.

எங்கே வைப்பது

இணைப்புக் கிடைக்காத அறையிலேயே புதிய நிலையத்தை வைப்பது மிகப் பரவலான தவறாகும். முதன்மை நிலையத்தின் குரல் கேட்காத இடத்தில் வைக்கப்படும் நிலையத்துக்கு மீள அனுப்புவதற்கு எதுவும் இருக்காது. அருகிலுள்ள கணினியில் அலைக்குறி முழுமையாகத் தெரியும், இணையமோ நகராது. அக்குறி காட்டுவது புதிய நிலையத்துடனான உறவை மட்டுமே, அதற்கு அப்பாலுள்ள தாவலை அல்ல. இதனாலேயே பழுது எங்கே என்று தெரியாமல் பலரும் குழம்புகின்றனர்.

கம்பியின்றி இணைக்கப்படும் நிலையம், அலை இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில், பெரும்பாலும் பாதி வழியில் இருத்தல் வேண்டும். வைப்பதற்கு முன் அவ்விடத்தில் மடிக்கணினியைக் கொண்டு அலையின் வலிமையை அளந்து பார்ப்பது நன்று. ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவில் −65 அல்லது அதனினும் சிறந்த மதிப்பு வேண்டும். −80 இல் உறவு நிலைப்பது அரிது. கம்பி மூலம் இணைக்கப்படும் நிலையத்துக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அதனைத் தேவையான அறையிலேயே வைக்கலாம்.

அலைவரிசைத் தேர்வும் இரு முறைகளிலும் வேறுபடுகின்றது. 2.4 கிகாகேர்ட்சுப் பட்டையில் அலைவரிசைகள் 5 மெகாகேர்ட்சு இடைவெளியில் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாகேர்ட்சு அகலத்தைப் பிடிப்பதால் 1, 6, 11 ஆகியவை மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. கம்பியால் இணைந்த அடுத்தடுத்த நிலையங்களுக்கு இவற்றைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரே வானொலி மூலம் தமக்குள் பேசும் நிலையங்களோ ஒரே அலைவரிசையில் இருந்தாக வேண்டும்.

ஒரே வலையமைப்பாக்குதல்

எல்லா நிலையங்களுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுக்கப்பட்டால், பயனர் அறைவிட்டு அறை செல்லும்போது கருவி தானாகவே நிலையம் மாறும். மாறும் முடிவை எடுப்பது கருவியே, நிலையம் அல்ல. சில கருவிகள் பழைய நிலையத்தின் நலிந்த அலையை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும். 2008 இல் வந்த 802.11கே, 802.11ஆர், 2011 இல் வந்த 802.11வி ஆகிய திருத்தங்கள் இம்மாற்றத்தை எளிதாக்க உதவுகின்றன.

இணைய முகவரிகளை வழங்கும் பணியை ஒரே ஒரு கருவியே செய்ய வேண்டும். இரண்டாவது நிலையம் பாலமாக மட்டும் இயங்குமாறு அமைக்கப்படாவிட்டால், அது தன் பின்னால் தனியொரு வலையமைப்பை உருவாக்கிவிடும். இணையப் பக்கங்கள் வழக்கம்போல் திறக்கும், ஆனால் ஒரு புறத்திலுள்ள அச்சுப்பொறி மறுபுறத்திலுள்ள கணினிக்குத் தெரியாது. இரு நிலையங்களைக் கம்பியாலும் வானொலியாலும் ஒருங்கே இணைப்பதும் ஆபத்தானது. பொதிகள் வட்டமாகச் சுற்றிச்சுற்றி வந்து, வலையமைப்பு முழுவதையும் முடக்கக்கூடும்.

பாதுகாப்பு

தொடக்ககால டபிள்யூ.டி.எசு. கருவிகள் பலவற்றில் மறைகுறியாக்கத்துக்கு டபிள்யூ.ஈ.பி. முறையை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. அதன் அடிப்படைக் குறைபாடு 2001 இலேயே வெளிப்பட்டது. 2007 இல் செருமனியின் தார்ம்சுடாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 பிட்டுத் திறவுகோலை ஒரு நிமிடத்துக்குள் கண்டறியலாம் என்று காட்டினர். 2003 இலும் 2004 இலும் வந்த டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.2 முறைகளில் திறவுகோல் ஒவ்வோர் உறவுக்கும் தனித்தனியே உருவாக்கப்படுகின்றது. இரு நிலையங்கள் தமக்குள் அதனை எவ்வாறு உருவாக்குவது என்பதற்குப் பொது உடன்பாடு இல்லாததே சிக்கல். தொலைவிலுள்ள ஓர் அறைக்காக வீட்டு வலையமைப்பு முழுவதன் பாதுகாப்பையும் தளர்த்த வேண்டிய நிலை இதனால் ஏற்பட்டது. இன்றும் பழைய நிலையமொன்றை எடுத்து வலையமைப்பை நீட்டிக்க முனைவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

பிற்கால வளர்ச்சி

2007 இல் ஆப்பிள் வெளியிட்ட 802.11என் வகைத் தள நிலையங்களில், முகவரிகளைத் தட்டச்சு செய்யும் வேலை நீங்கி, வலையமைப்பை நீட்டிக்கும் தெரிவு ஒன்று மட்டும் எஞ்சியது. 2016 முதல் ஈரோ, கூகுள் வைஃபை, நெட்கியர் ஓர்பி போன்ற கண்ணி வலையமைப்புத் தொகுப்புகள் வீடுகளுக்கென விற்பனைக்கு வந்தன. ஓர்பி போன்றவை நிலையங்களுக்கு இடையிலான போக்குவரத்துக்கெனத் தனியான ஒரு 5 கிகாகேர்ட்சு வானொலியைக் கொண்டிருந்தன. அதனால் வேகம் பாதியாகும் சிக்கல் பெருமளவு தணிந்தது. வேறுபட்ட நிறுவனங்களின் நிலையங்கள் ஒன்றாக இயங்குவதற்கென வைஃபை கூட்டமைப்பு 2018 இல் ஈசிமெசு என்னும் சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் ஏர்போர்ட் வரிசையை நிறுத்துவதாக அறிவித்தது.